வாசலில் உட்கார்ந்த நான்கு பேர்

வேத பாடம்: பெற்றோர் கூடுகையும் தலைமைத்துவமும்
வாசிக்க: 2 இராஜாக்கள் 7:3-11



இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பகுதி நம்மில் அநேகர் பிரசங்கங்களில் கேட்டதுதான். சமாரியா பட்டணத்தைச் சீரியர் சூழ்ந்திருந்தார்கள். உள்ளே கொடிய பஞ்சம். வாசலுக்கு வெளியே நான்கு குஷ்டரோகிகள். ஜனங்களோடு சேரக்கூடாதென்று ஒதுக்கப்பட்டவர்கள். கடைசியில் சத்துரு ஓடிப்போன செய்தியைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தது ராஜாவும் அல்ல, அவனுடைய பிரதானியும் அல்ல. இந்த நான்கு பேர்தான்.

வழக்கமாக இந்தப் பகுதியில் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோம். இன்று ஒரே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அவர்கள் நான்கு பேர். தனித்தனியாக நான்கு மூலைகளில் உட்கார்ந்திருந்தால் அந்தச் செய்தி பட்டணத்துக்கு வந்திருக்குமா? ஒரே பாடு உள்ளவர்கள் ஒரே இடத்தில் உட்காரும்போது, உதவி வாங்குகிறவர்களே ஊருக்கு வழிகாட்டிகளாக எழும்புகிறார்கள். இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதை நான் பெற்றோருக்குப் பொருத்தி எழுதுகிறேன். மூளை வாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம் என்று பெயர் சொல்லப்படுகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு. பிள்ளைகளை நான் ஒரு நோய்க்கு ஒப்பிடவில்லை. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்த நிலைமையை மட்டும் ஒப்பிடுகிறேன். இதை எழுதுகிற நானும் முத்தியால்பேட்டையில் குடியிருக்கிற ஒரு தாய். என் மகனுக்கு 21 வயது. மூளை வாதம், கூடவே வலிப்பு. பதினைந்து வருஷமாக சில தாய்மாரோடும் தகப்பன்மாரோடும் மாதம் ஒருமுறை கூடி வருகிறேன். அங்கே கண்டதும் மற்ற ஊர்களில் நடந்ததும் சேர்த்து ஐந்து படிகளாகத் தருகிறேன்.

1. அவர்கள் ஒன்றாய் உட்கார்ந்தார்கள்

ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் குறைவது என்ன தெரியுமா? பணம் அல்ல, ஜனம். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் "பிள்ளையை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்களேன்" என்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கண்ணாடிச் சாமான்களை எடுத்து உள்ளே வைப்பார்கள். கொஞ்ச நாளில் நாமே போவதை நிறுத்திவிடுவோம்.

சபையிலும் இது உண்டு என்பதை மறைக்கக்கூடாது. "யார் செய்த பாவமோ" என்று ஒருவர் முணுமுணுப்பார். "இன்னும் கொஞ்சம் விசுவாசம் வேணும் சிஸ்டர்" என்று இன்னொருவர் சொல்லுவார். யோவான் 9-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: இவன் பாவமா, பெற்றோர் பாவமா? ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். அவர் மறுத்த குற்றச்சாட்டை நாம் திரும்ப ஒரு தாயின் தலையில் வைக்கலாமா?

டாக்டர் மருந்து எழுதித் தருகிறார். தெரபி மாஸ்டர் பயிற்சி சொல்லித் தருகிறார். போதகர் ஜெபிக்கிறார். இவை எல்லாம் வேண்டும். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு பிள்ளைக்கு வலிப்பு வந்து அடங்கின பிறகு, விடிந்ததும் வேலைக்குப் போகவேண்டிய ஒரு தாயின் மனசு எப்படி இருக்கும் என்று இன்னொரு தாய்க்குத்தான் சொல்லாமலே தெரியும். தெரபி நடக்கிற இடத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர், "அக்கா, உங்க பையனும் ராத்திரி தூங்கமாட்டானா?" என்று கேட்கிறார் பாருங்கள், பெற்றோர் கூடுகை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இங்கிலாந்தில் 1946-ஆம் ஆண்டு ஜூடி ஃபிரைட் என்ற ஒரு தாய், "நர்சரி வேர்ல்டு" என்ற பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய மகளுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. தன்னைப்போன்ற பெற்றோர் தன்னோடு தொடர்புகொள்ளும்படி அதில் கேட்டிருந்தார். எங்கெங்கோ தனித்தனியாக இருந்த பெற்றோர் பதில் எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கிய பெற்றோர் சங்கம்தான் இன்று மென்கேப் என்ற பெயரில் அந்த தேசம் முழுவதும் வேலை செய்கிறது.

அமெரிக்காவில் ஒமாஹா என்ற ஊரில் 1971-ல் "பைலட் பேரண்ட்ஸ்" என்ற ஏற்பாடு தொடங்கியது. பிள்ளைக்கு இப்படி ஒரு குறைபாடு என்று புதிதாகக் கேள்விப்பட்ட பெற்றோரை, அதே வழியில் முன்னே நடந்த ஒரு பெற்றோரோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்க்கப்படுகிற மூத்த பெற்றோருக்கு முதலில் பயிற்சி கொடுப்பார்கள். எப்படிக் கேட்பது, எதைச் சொல்லக்கூடாது என்றெல்லாம். துறைமுகத்துக்குள் வருகிற கப்பலுக்கு வழிகாட்ட உள்ளூர் பைலட் ஒருவர் ஏறுவார் அல்லவா, அந்த மாதிரி.

கவனியுங்கள். வழிகாட்டுகிறவர் வேறு ஜாதி மனிதர் அல்ல. நேற்று அழுதவர்தான் இன்று அழுகிறவர் பக்கத்தில் உட்காருகிறார். 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் எழுதியதும் இதுவே. நமக்குக் கிடைத்த ஆறுதல் நம்மோடு நிற்பதற்காகக் கொடுக்கப்படவில்லை.

2. உள்ளதை வாய்விட்டுப் பேசினார்கள்

அந்த நான்கு பேரும் நல்ல வார்த்தை பேசி ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கவில்லை. இங்கே இருந்தாலும் சாவு, பட்டணத்துக்குள் போனாலும் சாவு என்று உள்ளதை உள்ளபடி பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் அவர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது.

எங்களைப்போன்ற பெற்றோருக்குள்ளும் வெளியே சொல்லாத ஒரு கேள்வி இருக்கிறது. எங்களுக்குப் பிறகு யார்? இந்தக் கேள்வியை உறவினரிடம் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு, ஆண்டவர் பாத்துப்பார்" என்று பேச்சை மாற்றுவார்கள். எங்கள் கூடுகையில் மட்டும் யாரும் பேச்சை மாற்றுவதில்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு சகோதரி ஒரு நாள் சொன்னார்: "எனக்கு முன்னாடி என் பொண்ணு போயிடணும்னு ஜெபம் பண்ணியிருக்கேன்கா. எந்தத் தாயாவது இப்படி ஜெபிப்பாளா?" அந்த அறையில் ஒருவரும் அவரைக் கண்டிக்கவில்லை. ஏனென்றால் அந்த ஜெபத்தை ஏறெடுக்காதவர்கள் அங்கே குறைவு.

அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்டால் கண்ணீராகப் போகிறது. நூறு பேர் சேர்ந்து கேட்டால் சட்டமாக வருகிறது. நம் தேசத்தில் அப்படித்தான் நடந்தது. பல மாநிலங்களில் தனித்தனியாக இருந்த பெற்றோர் சங்கங்கள் 1995-ல் ஒன்றாய்ச் சேர்ந்து "பரிவார்" என்ற தேசிய கூட்டமைப்பு உண்டானது. எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியைப் பெற்றோர் சங்கங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1999-ஆம் ஆண்டு டிசம்பரில் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைமைகளில் உள்ளவர்களுக்கான சட்டம் அது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நேஷனல் டிரஸ்டின் நிர்வாகக் குழுவில் பதிவுபெற்ற அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு ஒன்பது இடங்கள். அதில் மூன்று தொண்டு நிறுவனங்களுக்கு, மூன்று பெற்றோர் சங்கங்களுக்கு, மூன்று மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களுக்கு. வாசலுக்கு வெளியே உட்கார்ந்தவர்களுக்கு உள்ளே நாற்காலி! பெஞ்சில் உட்கார்ந்து பேசினது வீண் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

3. எழுந்து நடந்தார்கள்

பேசினதோடு அவர்கள் நிற்கவில்லை. இருட்டுகிற வேளையில் எழுந்து போனார்கள். தங்களை ராஜா நியமிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

நம் தேசத்தில் இப்படி எழுந்த தாய்மாரைப் பாருங்கள். மிது அலூர் என்ற தாய் 1972-ல் மும்பையில் மூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கென்று ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். அவருடைய மகள் மாலினிக்கு மூளை வாதம். பூனம் நடராஜன் என்ற தாய் 1985-ல் சென்னையில் தொடங்கிய வேலைதான் இன்று வித்யாசாகர் என்று அறியப்படுகிறது. பின்னாளில் அவரே நேஷனல் டிரஸ்டுக்குத் தலைவராகவும் இருந்தார். ஆட்டிசம் உள்ள மகனின் தாய் மெர்ரி பரூவா 1991-ல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கினார். இவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைக்கு வழி தேடிப் புறப்பட்டு, மற்றவர் பிள்ளைகளுக்கும் வழி உண்டாக்கினவர்கள்.

"அவங்க எல்லாம் படிச்சவங்க, இங்கிலீஷ் தெரிஞ்சவங்க. நம்மால ஆகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் பள்ளிக்கூடம் தொடங்க வேண்டியதில்லை. தலைமை என்றவுடன் மேடை, மைக், மாலை என்று நினைத்துவிடுகிறோம். யாத்திராகமம் 18-ல் மோசேயின் மாமன் எத்திரோ என்ன யோசனை சொன்னார்? ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் பத்துப் பேருக்கும் ஒரு தலைவர் வேண்டும் என்றார். நம் வீதிகளில் குறைவாக இருப்பது அந்தப் பத்துப் பேரின் தலைவர்கள்தான்.

எங்கள் கூடுகையில் அப்படிப்பட்டவர்கள் எழும்பியிருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஒரு சகோதரருக்கு எந்த ஆபீசில் எந்த நாளில் எந்த மேஜைக்குப் போகவேண்டும் என்பது மனப்பாடம். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு தாய், எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கை இறுகின பிள்ளைக்கு எப்படிச் சட்டை போடுவது என்று புதிய தாய்மாருக்குச் செய்தே காட்டுவார். இறுக்கம் அதிகமுள்ள கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவேண்டும். புஸ்தகத்திலும் இது இருக்கும். ஆனால் அவர் கையைப் பிடித்துச் சொல்லித் தரும்போது புரிகிற மாதிரி வராது.

நம் ஊரில் 2003 முதல் சத்யா சிறப்புப் பள்ளி இயங்கிவருகிறது. தெரபிக்கு இடங்களும் உண்டு. இவற்றைத் தேவனுடைய தயவாக எண்ணி நன்றி செலுத்துகிறோம். ஆனாலும் பள்ளிக்கூடம் மாலையில் மூடும், தெரபி முக்கால் மணி நேரத்தில் முடியும். மற்ற நேரம் முழுவதும் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. அந்த நேரத்தைத் தாங்குவது பெற்றோர். அந்தப் பெற்றோரைத் தாங்குவது யார்? இந்த இடைவெளியில்தான் பெற்றோர் கூடுகைக்கு வேலை இருக்கிறது.

4. கண்டதை ஒளித்துவைக்கவில்லை

நான்கு பேரும் பாளயத்துக்குள் போய் முதலில் சாப்பிட்டார்கள். வெள்ளியையும் பொன்னையும் எடுத்து ஒளித்துவைத்தார்கள். பிறகுதான் உணர்வு வந்தது: இது நல்ல செய்தி உண்டான நாள், நாம் மௌனமாக இருப்பது நியாயம் அல்ல என்று. உடனே வாசல் காவலாளனிடம் போய் அறிவித்தார்கள்.

நமக்குள்ளும் இந்தச் சோதனை வரும். எனக்கு சர்டிபிகேட் கிடைத்துவிட்டது, என் பிள்ளைக்குப் பென்ஷன் வந்துவிட்டது, இனி எனக்கென்ன என்று இருந்துவிடுவோம். அறிந்த ஒரு விஷயத்தை அடுத்த வீட்டாருக்குச் சொல்லுகிற இடத்தில்தான் தலைவர் பிறக்கிறார். ஆகவே எங்கள் கூடுகையில் எல்லாரும் அறிந்திருக்கவேண்டியதாக வைத்திருக்கும் சில காரியங்களை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் தெருவில் யாருக்காவது பிரயோஜனப்படும்.

அ) 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. இதற்கு முன் 1995-ல் வந்த சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன. ஆட்டிசம் பழைய பட்டியலில் தனியாக இல்லை, புதியதில் இருக்கிறது. "முன்னே கேட்டோம், கிடையாதுன்னுட்டாங்க" என்று விட்டுவிட்டவர்கள் திரும்பவும் கேளுங்கள்.

ஆ) 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற அந்தச் சட்டம் உரிமை தருகிறது. பக்கத்துப் பள்ளியிலா சிறப்புப் பள்ளியிலா என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ளலாம்.

இ) யூ.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டை தேசம் முழுவதும் செல்லும். பழைய காகித சர்டிபிகேட்டை மட்டும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறவர்கள் இந்த அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

ஈ) நேஷனல் டிரஸ்டின் நிரமயா என்ற மருத்துவக் காப்பீட்டில், மேலே சொன்ன நான்கு நிலைமைகளில் உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவு திரும்பக் கிடைக்கும்.

உ) இது மிக முக்கியம். பிள்ளைக்கு 18 வயது ஆனதும், சட்டத்தின் கண்ணில் அவர் வயதுவந்தவர். பெற்றோர் என்பதற்காக மட்டும் அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. அந்த நான்கு நிலைமைகளில் உள்ளவருக்கு, தேவை இருந்தால், சட்டப்படி ஒரு கார்டியன் நியமிக்கும்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் ஒரு பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என மூன்று பேர் அந்தக் குழுவில் இருப்பார்கள். பேங்க்கில் போய் நின்ற பிறகு இதைத் தெரிந்துகொள்ளாதிருங்கள். 17 வயதிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

5. ராஜா நம்பவில்லை, ஆனாலும் செய்தி மெய்யானது

நல்ல செய்தி கொண்டுவந்தவர்களுக்கு உடனே வரவேற்பு கிடைத்ததா? இல்லை. ராஜா சந்தேகப்பட்டான், இது சத்துருவின் தந்திரம் என்றான். குதிரைகளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னான்.

பெற்றோர் பேசும்போதும் இப்படித்தான். "நீங்க உணர்ச்சிவசப்படுறீங்கம்மா" என்பார்கள். "அந்த ஜி.ஓ. இங்க வரலை, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். ஒரு தாய் தனியாகப் போனால் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஐந்து பேர் சேர்ந்து, எழுதின மனுவோடு போய், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்தால் கதை வேறு. பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாதாரணமாக 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். சண்டை வேண்டாம், கூச்சலும் வேண்டாம். தேதி போட்ட காகிதத்துக்கு நல்ல ஞாபகசக்தி உண்டு.

எச்சரிக்கையாய் இருக்கவேண்டிய காரியங்கள்

கூடுகை நல்லது என்பதால் அதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதலாவது, ஒரே ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது. தொடங்கினவரே பத்து வருஷமும் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கேட்கிறவர்களாகவே இருந்துவிடுவார்கள். நாங்கள் மாதத்துக்கு ஒருவர் நடத்துவது என்று வைத்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நடத்துவார், நோட்டில் எழுதுவதற்கு மட்டும் ஒருவர் உதவுவார். போதகரையோ டாக்டரையோ அழைத்தால் விருந்தாளியாக அழையுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லட்டும், நாற்காலி பெற்றோருடையதாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, கேட்டதை வெளியே கொண்டுபோவது. ஒரு வீட்டுக் கண்ணீர் இன்னொரு வீட்டுத் திண்ணைப் பேச்சாக மாறினால் அந்தத் தாய் மறுபடி வாய் திறக்கமாட்டார். ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் இதைச் செய்யக்கூடாது.

மூன்றாவது, மருந்து விஷயம். "ஜெபம் பண்ணியாச்சு, இனி மாத்திரை வேண்டாம்" என்று எந்தக் கூடுகையிலும் ஒருவரும் சொல்லக்கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வரலாம், உயிருக்கே ஆபத்து. ஜெபம் பண்ணுவோம், மாத்திரையும் கொடுப்போம். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான். அதேபோல "ஆறு மாசத்துல ஆட்டிசம் போயிடும்" என்று பணம் கேட்கிறவர்களையும் கூடுகைக்குள் விடாதிருங்கள்.

நான்காவது, தகப்பன்மார் இல்லாத கூடுகை. பல இடங்களில் தாய்மார் மட்டுமே வருகிறார்கள். கூடுகிற நேரத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினபோது எங்களிடம் மூன்று தகப்பன்மார் வர ஆரம்பித்தார்கள். அழாமல் உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்குப் பாரம் இல்லை என்று நினைக்கவேண்டாம்.

ஐந்தாவது, பிள்ளையின் வாயாகவே எப்போதும் இருப்பது. நம் பிள்ளைகள் வளருகிறார்கள். அவர்களுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. மிது அலூரின் மகள் மாலினி சிப் பின்னாளில் எம்.ஏ. பட்டங்கள் பெற்று, தன் வாழ்க்கையைத் தானே புஸ்தகமாக எழுதி 2010-ல் வெளியிட்டார். பேசமுடியாத பிள்ளையும் கண்ணால், கையால், படத்தைத் தொட்டு, தனக்கு வேண்டியதைச் சொல்லும். எங்கள் கூடுகையில் 18 வயது தாண்டினவர்கள் தங்களைப்பற்றின பேச்சில் தாங்களும் உட்காருகிறார்கள். என் மகன் வேண்டாம் என்பதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதுவும் ஒரு ஓட்டுதான்.

நம் ஊரில் எப்படித் தொடங்குவது?

பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். இரண்டு குடும்பம் போதும். தெரபி பெஞ்சிலோ பள்ளி வாசலிலோ பார்க்கிற ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். பிள்ளையோடு அழையுங்கள், "விட்டுட்டு வாங்க" என்று சொல்லவேண்டாம். கீழ்த்தள வீடாக, படி ஏறாமல் வரக்கூடிய இடமாக இருக்கட்டும். மாதம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். முதல் பாதியில் ஒவ்வொருவரும் பேசட்டும். கேட்காதவருக்குப் புத்தி சொல்லவேண்டாம். பின் பாதியில் ஒரே ஒரு காரியத்தை எடுத்து, யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் செய்வது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதம் இப்படி நடந்தால், யாரிடத்தில் எந்த வரம் இருக்கிறது என்று தானாகத் தெரியும்.

எங்கள் கூடுகையில் இந்து குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் உண்டு. பிள்ளையின் பாரத்துக்கு மத வித்தியாசம் இல்லை. கூடுகிற இடத்தில் ஒருவரையும் சங்கடப்படுத்துவதில்லை.

சபைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஹாலை மாதம் ஒருமுறை திறந்துகொடுங்கள். வாசலில் ஒரு சரிவுப் பாதை போடுங்கள். ஆராதனையில் பிள்ளை சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்காதிருங்கள். இரண்டு வாலிபர்கள் முன்வந்து அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு விளையாடினால், பெற்றோர் மனம் திறந்து பேசுவார்கள். இதற்கு மேல் சபை நடத்தித் தரவேண்டியதில்லை, நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. நம் தெருவில், நம் சபையில் இப்படிப்பட்ட பிள்ளையுள்ள வீடு எது? கடைசியாக அந்த வீட்டுக்கு நாம் எப்போது போனோம்?

2. நான் பெற்றுக்கொண்ட எந்த உதவியை, எந்த விவரத்தை இன்னும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்?

3. நம் கூடுகைகளில் எப்போதும் பேசுகிறவர் யார்? இதுவரை பேசாதவர் யார்? அவருக்கு அடுத்த முறை எந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்?

பிரியமானவர்களே, சமாரியாவின் வாசலில் அந்த நான்கு பேரையும் கடந்துபோனவர்கள் எத்தனையோ பேர். பட்டணத்தின் ஜீவன் அவர்கள் கையில்தான் வரப்போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நம் ஊர் வாசல்களிலும் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருவரை இந்த மாதத்தில் இன்னொருவரோடு சேர்த்துவிடுங்கள். அவர்கள் எழுந்து நடப்பார்கள்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.